வன்னியில் உடலியலாமையோடு மூப்படையும் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயதான அம்மாமாரைக் கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்வருவதில் எனது பல ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. காத்திருக்கும் வாங்குகளிலும், மாதர் சங்கக் கூட்டம் முடிந்து செருப்புத் தேடும் நேரத்திலும், அம்மாமாரும் அவர்களைப் பார்க்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே வைத்திருக்கிறேன். நான் வைத்தியரும் அல்லேன், சட்டத்தரணியும் அல்லேன்; உரியவர்களிடம் போவதற்கு முன்னர் தெரிந்திருக்க வேண்டியவற்றையே எழுதியிருக்கிறேன்.

வாழ்க்கைத்தரம் எண்டா என்ன? வீடும் சாப்பாடும் மருந்தும் இருந்தாக் காணும்தானே?

காணாது. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தமது எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துத் தமது வாழ்வைத் தாமே எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதையே உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத்தரம் என்கிறது. அந்த நிறுவனத்தின் சுருக்கமான வினாக்கொத்தில் 26 கேள்விகள் உள்ளன. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்ற நான்கு பகுதிகளாக அவை பிரிகின்றன. நோவும் நித்திரையும் அங்கே கேட்கப்படுவது போலவே கையில் காசு இருக்கிறதா, போக்குவரத்து வசதி எப்படி, நண்பர்களின் ஆதரவு எவ்வளவு என்பனவும் கேட்கப்படுகின்றன. பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ அல்லர்.

நான் 26 கேள்விகளைக் கொண்டு திரிவதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து முதல் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் எத்தனை தடவை இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று மட்டும் கேட்பேன். மல்லாவிப் பக்கத்தில் ஓர் அம்மா விரல் மடித்து ஐந்து என்றார்: கதவின் மேல் தாழ்ப்பாளைத் திறக்க, ஊன்றுகோலை எடுத்துத் தர, வாளியில் தண்ணீர் அள்ள, படியிறங்க, அடுப்பு மூட்ட. தாழ்ப்பாள் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. ஊன்றுகோலைக் கொளுவக் கட்டில் தலைமாட்டில் ஓர் ஆணி அடிக்கப்பட்டது. வாளிக்குப் பதிலாகக் குழாய் பூட்டிய பீப்பாய் வந்தது. ஐந்து இரண்டாகக் குறைந்தது. இதற்கு எந்தத் திட்டத்தின் பணமும் தேவைப்படவில்லை.

வயசு போனா எல்லாருக்கும் ஏலாதுதானே. இவையளைத் தனியாப் பிரிச்சுச் சொல்ல என்ன இருக்கு?

இரண்டு வகையினரை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். வயதான பின்னர் பாரிசவாதத்தாலோ மூட்டுத் தேய்வாலோ சலரோகத்தில் (நீரிழிவில்) கால் எடுக்கப்பட்டதாலோ இயலாமைக்கு வந்தவர்கள் ஒரு வகை. இளமையிலோ நடுவயதிலோ இயலாமைக்கு உள்ளாகி, அதனோடேயே மூப்படைகிறவர்கள் மற்றொரு வகை. வன்னியில் இந்த இரண்டாம் வகையினர் அதிகம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2009 மே மாதத்தில் செல்லடியில் காலை இழந்தபோது 45 வயதாயிருந்த பெண் 2024இல் 60ஐத் தொட்டுவிட்டார். பதினைந்து ஆண்டுகளாக ஒற்றைக் காலில் சுமந்த பாரம் அந்த ஒற்றை முழங்காலில் இப்போது தெரிகிறது. ஊன்றுகோல் பிடித்தவருக்குத் தோள்மூட்டும், சக்கர நாற்காலியைக் கையால் உருட்டியவருக்கு மணிக்கட்டும் முந்திக்கொண்டு தேய்கின்றன. மாதவிடாய் நின்ற பின்னர் எல்லாப் பெண்களுக்கும் எலும்பு நலிகிறது என்றாலும், ஆண்டுக்கணக்காகப் பாரம் ஏறாத காலில் அது இன்னும் விரைவாக நலிகிறது. ஆகவே, சின்ன விழுகையே முறிவாகிவிடும்.

இளம்பிள்ளைவாதம் வந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. இலங்கையில் அந்த நோய் கடைசியாக 1993இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னர் சிறுவயதில் அது வந்து, மெலிந்த காலோடு வாழ்ந்து, இப்போது அறுபதைத் தாண்டியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் மாற்றமில்லாமல் இருந்த தசைகளில் புதிதாகச் சோர்வும் பலவீனமும் தோன்றுவது அவர்களிடையே அறியப்பட்ட ஒரு நிலை. அதனைச் சோம்பல் என்று எண்ணி மேலும் நடக்கச் சொல்லி நெருக்குவது கேடு. களைக்கும் முன்னரே ஓய்வெடுக்கும்படிதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கை போய்ப் பதியிறது? ஆரைப் பிடிக்க வேணும்?

ஒருவரையும் பிடிக்கத் தேவையில்லை. முதலில் கிராம சேவையாளர்; வயதானவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறார்கள். அடுத்து பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். 60 வயது நிறைந்தவருக்கு மூத்தோர் அடையாள அட்டையும் அங்கேயே விண்ணப்பிக்கப்படுகிறது. இவற்றின் பின்னால் இருப்பவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், முதியோரின் உரிமைகளுக்கான 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் ஆகும். மருத்துவ அறிக்கை கேட்கப்படும் என்பதால் கிளினிக் கொப்பியையும், பழைய நோயறிக்கைத் துண்டுகளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். இடப்பெயர்விலும் செட்டிகுளம் முகாமிலும் எல்லாப் பத்திரங்களையும் தொலைத்தவர்கள், பழைய காயத்துக்குப் புதிய பரிசோதனை அறிக்கை எடுக்கலாம். காயம் இன்னும் உடம்பில்தானே இருக்கிறது.

அஸ்வெசும எடுக்கிறம். மாற்றுத்திறனாளிக் காசும் கேட்டா ஒண்டை வெட்டிப் போடுவினமோ?

2023இல் தொடங்கிய அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவில் குடும்பத்தின் வறுமை நிலைக்கான கொடுப்பனவு ஒரு தலைப்பு. மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் வேறு தலைப்புகள். ஒன்றுக்குப் பயந்து மற்றதைக் கேளாமல் இருக்க வேண்டாம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதத் தொகை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கானது 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன.

தொகையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வங்கி அட்டை ஆருடைய சட்டைப் பையில் கிடக்கிறது என்பதுதான். வங்கியின் படி ஏற முடியாததால் மகனோ பேரனோ எடுத்து வருகிறார்; பத்தாயிரத்தில் இரண்டாயிரம் அம்மாவின் கைக்கு வருகிறது; மீதி வீட்டுச் செலவு என்று சொல்லப்படுகிறது. வீட்டுச் செலவுதான், பொய்யில்லை. ஆனாலும் வெற்றிலை வாங்கவும் கோயில் உண்டியலில் போடவும் பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கற் பைக்கற் வாங்கிக் கொடுக்கவும் அவர் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தால், முதற் கேள்வியில் சொன்ன கணக்கில் இன்னும் ஒரு விரல் மடிகிறது.

இருவது வருசமாப் போட்ட பொய்க்கால். இப்ப ஏன் திடீரெண்டு நோகுது?

கால் மாறவில்லை, காலைப் போட்டவர் மாறிவிட்டார். வயதோடு எஞ்சிய காலின் தசை வற்றுகிறது; நிறை கூடுகிறது அல்லது குறைகிறது. எஞ்சிய காலை உள்ளே வைக்கப் பத்தாண்டுக்கு முன்னர் அளவெடுத்த பொய்க்காலின் கிண்ணத்துக்குள் அந்தக் கால் ஆடத் தொடங்குகிறது. ஆடுகிற இடத்தில் தோல் உரிகிறது. பழைய சீலைத் துணியைச் சுற்றி இறுக்கிச் சமாளிப்பதுதான் நம் பெண்களின் வழக்கம். அந்தத் துணியின் மடிப்பே புண்ணுக்குக் காரணமாகிவிடுகிறது. கிண்ணத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவையாவது மாற்றி அளவெடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில் இந்தச் சேவை உண்டு. வன்னிக்குள் இருப்பவர்கள் மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் கேட்டு அனுப்புதற் கடிதம் பெறலாம்.

ஜெய்ப்பூர் கால் 1968இல் இந்தியாவில் உருவானது. அதன் இறப்பர்ப் பாதம் சப்பாத்தில்லாமல் வயலிலும் சேற்றிலும் நடப்பதற்கும் குந்துவதற்கும் ஏற்றது என்பதே அதன் சிறப்பு. ஆயினும், அறுபது வயதில் குந்தி எழுவதற்கு மற்றக் கால் இடம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. சலரோகம் உள்ளவர்கள் இரவில் காலைக் கழற்றியதும், ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த தோலில் புண் வந்தது நோவினால் தெரியாது, கண்ணால்தான் தெரியும்.

இல்லாத கால் நோகுது எண்டு இரவிலை அழுறா. மூளை பிசகிட்டுதோ?

இல்லை. வெட்டப்பட்ட நரம்புகளும் மூளையில் அந்தக் காலுக்கான இடமும் இன்னும் வேலை செய்கின்றன. அதனால் இல்லாத பெருவிரல் கடுப்பது உண்மையான நோவுதான். நரம்பு நோவுக்கு என்று தனியான மருந்துகளும், கண்ணாடிக்கு முன்னால் மற்றக் காலை அசைத்துச் செய்யும் பயிற்சியும் உண்டு. கிளினிக்கில் வாய் திறந்து சொல்ல வேண்டும். விசரி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பதினைந்து வருடம் சொல்லாமல் இருந்தவர்களை நான் அறிவேன்.

தண்ணி குடியணை எண்டா குடிக்கிறா இல்லை. சரியான அடம். என்ன செய்யிறது?

இந்தக் கேள்வியை மகள்மாரும் மருமகள்மாரும் என்னிடம் கேட்காத மாதம் இல்லை. என்னுடைய பதில் எப்போதும் ஒரு மறுகேள்விதான்: மலசலகூடம் எங்கே இருக்கிறது? மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் கட்டிய வீடுகள் உட்பட, வன்னியின் பல வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்மூலையில் தனியாக நிற்கிறது. கிணற்றுக்குத் தூரமாக இருக்க வேண்டும் என்பது சரியான காரணம். ஆனால், இரவு ஒரு மணிக்கு, மாரி மழையில், பாம்பு பூச்சிக்குப் பயந்து, ஊன்றுகோல் சேற்றில் புதைய முப்பது யார் தூரம் போக வேண்டிய பெண், மாலை நான்கு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார். அது அடமல்ல, கணக்கு. அந்தக் கணக்கு சலக்கடுப்பாகவும் மலச்சிக்கலாகவும் கிருமித் தொற்றாகவும் திரும்பி வருகிறது. வன்னியின் பங்குனி, சித்திரை வெக்கையில் தலைச்சுற்றாகவும் வருகிறது. தலைச்சுற்று விழுகையாகிறது.

ஆகவே, தண்ணீர்ச் செம்பைத் தொடுவதற்கு முன்னர் பாதையைத் தொடுங்கள். முதலாவது, இரவுக்குக் கட்டிலருகே ஒரு கொமட் நாற்காலி. சொல்லி வாங்கலாம், வாங்க வழியில்லையென்றால் உறுதியான மரக்கதிரையின் நடுவில் வட்டம் வெட்டி, அடியில் மூடியுள்ள வாளியை வைத்துத் தச்சரே செய்து தருவார். இரண்டாவது, பகலுக்கு, வீட்டுப் பின்கதவிலிருந்து மலசலகூடம் வரைக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு அல்லது கம்பு. மூன்றாவது, உள்ளே குந்தும் இருக்கைக்கு மேல் உட்காரும் இருக்கை, ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் உயரத்தில். எழும்பப் பிடிக்க, அவருக்கு வலுவுள்ள கைப் பக்கம் சுவரில் ஒரு குழாய். எந்தக் கை வலுவானது என்று அவரையே கேளுங்கள். ஒரு வீட்டில் வடிவான துருப்பிடிக்காத குழாய் பூட்டியிருந்தார்கள். பாரிசவாதத்தில் விழுந்துபோன கைப் பக்கம். மேசன் வந்த நேரம் அம்மா உள்ளே படுத்திருந்தாராம், ஒருவரும் எழுப்பிக் கேட்கவில்லை.

கதவு உள்நோக்கித் திறப்பதானால் வெளிநோக்கி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் திறக்க முடியாது.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டப் போறம். மூண்டு படிதான். ஆறடி நீளம் காணுமோ?

காணாது. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது பொதுவான விதி. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் பதினெட்டு அங்குலம். சாய்தளம் பதினெட்டு அடி. ஆறடியில் கட்டினால் ஏற்றும்போது தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது நாற்காலி முன்னுக்குக் கவிழும். வளவில் நேராக இடமில்லையென்றால் நடுவில் தட்டையான திருப்பம் வைத்து வளைத்துக் கட்டலாம். மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மெழுக வேண்டாம். ஓரத்தில் இரண்டங்குல விளிம்பு வையுங்கள், சில்லு வெளியே போகாது. கதவின் திறந்த அகலம் 80 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதிகள் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன என்பதையும், கிராமத்துத் தபாற்கந்தோர்ப் படிகளைப் பார்க்கும்போது, நினைத்துக்கொள்ளலாம்.

இடுப்புக்குக் கீழை ஏலாது. படுக்கைப்புண் வராமல் ரியூப் வளையத்திலை இருத்துறம். சரிதானே?

காற்றடித்த ரியூப் வளையம் வேண்டாம். நடுவில் பாரத்தைக் குறைத்தாலும், சுற்றிவரத் தோலை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. அமுக்கத்தைப் பரவலாக ஏற்கும் தடித்த மெத்தையே தேவை. நாற்காலியில் இருப்பவர் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னுக்கோ பக்கத்துக்கோ சாய்ந்து பாரத்தை மாற்ற வேண்டும். படுக்கையில் இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். அமுக்கி விட்ட பிறகும் மாறாத சிவப்போ கருமையோ தெரிந்தால், அந்த இடத்தில் பாரமே படக்கூடாது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆழ்ந்த சிகிச்சைக்கு முன்னர் கொழும்புப் பக்கத்து ராகமை வரைக்கும் போக வேண்டியிருந்தது. இப்போது மாங்குளம் வைத்தியசாலையிலும் புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது.

நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத் திடீரென்று கடுந்தலையிடியும் முகத்தில் வியர்வையும் சிவப்பும் வந்தால், அது சாதாரணத் தலையிடி அல்ல. பிரசர் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். நிமிர்த்தி இருத்தி, சலக்குழாய் மடிந்தோ அடைத்தோ கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

உடம்புக்குள்ளை செல் பீஸ் கிடக்கு. எடுக்க வேணுமோ? ஸ்கான் செய்யலாமோ?

பல ஆண்டுகளாக அசையாமல், நோவு தராமல் கிடக்கும் துண்டை வைத்தியர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தேடி எடுப்பதில் வரும் சேதம் அதிகமாக இருக்கலாம். எக்ஸ்ரேயும் சி.ரி. ஸ்கானும் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவதால், இரும்புத் துண்டு உள்ளே அசையக்கூடும், சூடேறவும் கூடும். கேட்கும் வரை காத்திராமல் நீங்களாகவே முந்திச் சொல்லுங்கள். கண்ணுக்கருகிலும் மூளையிலும் முள்ளந்தண்டிலும் துண்டு உள்ளவர்கள் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதுவித்து வைத்திருப்பது நல்லது. கிடந்த இடம் புதிதாக வீங்கினாலோ சீழ் வைத்தாலோ காட்டத்தான் வேண்டும்.

அம்மா ஒரு இடமும் வெளிக்கிடுறா இல்லை. கோயிலுக்கும் வரமாட்டன் எண்டுறா.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிறுவயதிலிருந்து நடந்து போன ஒருவர் இப்போது வரமாட்டேன் என்றால், பக்தி குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பேருந்தின் முதற்படி முழங்காலுக்கு மேலே இருக்கிறது. நடத்துநரும் முன்பின் தெரியாத இளைஞர்களும் நல்ல மனதோடுதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். அந்த நேரத்தில் சேலை விலகுகிறது. பொய்க்காலின் பட்டி வெளியே தெரிகிறது. பேருந்து முழுக்கப் பார்க்கிறது. ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "கால் போன நாளிலை கூட நான் இவ்வளவு வெக்கப்படேல்லை, பிள்ளை." அன்றைக்குப் பிறகு அவர் பேருந்தில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்தால் போய்வரச் செலவாகும் காசு, ஒரு கிழமை மரக்கறிக் காசு.

செய்யக்கூடியவை சிறியவை. ஒரே வீதியில் இருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆட்டோவை ஒழுங்கு செய்தல். தூக்க வேண்டியிருந்தால் பெண்கள் தூக்குதல், தூக்கும் முன்னர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டல். போகும் இடத்தில் மலசலகூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தல். கடைசி விடயம் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தண்ணீர் பற்றிய கேள்வியில் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது: கணவனை இழந்தவர், கால் இல்லாதவர் என்று கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் விடுகிறோம்; பிறகு வெளிக்கிடுகிறா இல்லை என்கிறோம். ஏலாது என்று அவர் சொல்லட்டும். நாங்கள் வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவோம்.

நான்தான் அம்மாவைப் பாக்கிறன். எனக்கும் நாரி முறியுது. இதை ஆரிட்டைச் சொல்லுறது?

தூக்கும் முறையை இயன்மருத்துவரிடம் ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லுங்கள். பாதி நாரிப்பிடிப்பு அதோடு போகும். வாரத்தில் ஓர் அரைநாள் வேறொருவர் பார்க்கும்படி ஒழுங்கு செய்வது சொகுசு அல்ல. முதற் கேள்வியில் சொன்ன தாழ்ப்பாள், பீப்பாய் போன்றவை அம்மாவுக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவுந்தான்.

இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர் அதே ஒற்றைக்கால் அம்மம்மாதான். அவரைப் பராமரிக்கப்படுபவர் என்று மட்டும் பதிவேடுகளில் எழுதுகிறார்கள். விடிய நான்கு மணிக்குப் புட்டவித்து இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் வேலைக்கு அந்தப் பதிவேட்டில் நிரல் இல்லை.

இந்த வயசிலை வாழ்வாதாரம் எண்டு கோழியும் ஆடும் குடுக்கினம். பிரயோசனமோ?

சிலருக்கு மிகுந்த பிரயோசனம், கேட்டுக் கொடுத்தால். ஒரு தடவை எங்கள் பக்கத்தில் ஓர் உதவி அமைப்பு கொடுத்த கோழிக்கூடுகளின் கதவு நிலத்தோடு இருந்தது. முட்டை எடுக்கக் குனிய வேண்டும். குனிய முடியாதவர்களுக்கென்றே கொடுத்த கூடு அது. கூட்டை நாங்கள் கல்லடுக்கி உயர்த்தினோம். ஆடு கட்டிய இடத்தில் நிற்காது, இழுக்கும். ஊன்றுகோல்காரருக்கு ஆடு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வோட்டுப் போட ஆரும் கூட வரலாமோ? அங்கை நிக்கிற அதிகாரிதான் போட்டுத் தருவாரோ?

2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் சட்டம், உடலியலாமையுள்ள வாக்காளர் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல இடம் தருகிறது. தகுதிச் சான்றிதழ் படிவத்தைக் கிராம சேவையாளரிடம் முன்கூட்டியே பெற வேண்டும். வாக்களிப்பு நாள் காலையில் ஓடித் திரிந்தால் கிடைக்காது. துணைக்குப் போகிறவர் அவர் சொன்ன இடத்தில்தான் புள்ளடி போட வேண்டும். மகன்மாருக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காணி அம்மான்ரை பேரிலை. உயிரோடை இருக்கேக்கையே மாத்தி எழுதினா நல்லம்தானே?

ஆருக்கு நல்லம் என்பதைப் பொறுத்தது. வன்னியில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி, ஊர்ப்பேச்சில் பெமிற் காணி. அதில் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அவருக்கு உரிமை அம்மாவுக்குப் பின்னர்தான் வரும். அம்மா மனம் மாறினால் அந்தப் பெயரை மாற்றவும் முடியும். முழுதாகக் கைமாற்றுவதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பெயர் குறிக்காவிட்டால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே மகளுக்கு ஒன்றும் வராது என்ற பழைய பயம் தேவையில்லை.

உறுதிக் காணியென்றால், நன்கொடை உறுதியில் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுவிக்க வேண்டும். சாகும் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கும் உரிமை அதனால்தான் நிற்கும். வடபகுதித் தமிழருக்கான வழக்குச் சட்டமாகிய தேசவழமையின் கீழ் மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் இந்த இடத்தில் தடக்கி நிற்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள், 2016இன் திருத்தச் சட்டத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பத்திரம் அல்ல. அதை வைத்து எது முடியும், எது முடியாது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டே செய்யுங்கள்.

பிள்ளையள் பாக்காட்டி வழக்குப் போடலாமோ?

நீதிமன்றம் ஏறாமலே ஒரு வழி உண்டு. மேலே சொன்ன 2000ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தின் கீழ், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு அதற்கென அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் உரிமை தொடர்பான உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார். என் அனுபவத்தில், விண்ணப்பப் படிவத்தை எடுத்தவர்களில் அதை நிரப்பிக் கொடுத்தவர்கள் சிலரே. படிவம் வீட்டு மேசையில் கிடப்பதைக் கண்டு மகன் காசு அனுப்பத் தொடங்கிய வீடு ஒன்று உண்டு; அதனாலேயே தாயோடு கதை பேச்சை நிறுத்திய மகன் உள்ள வீடும் உண்டு. முடிவு அம்மாவினுடையது.

தனிய விட ஏலாது. அவவிட்டைக் கேட்டா மாட்டன் எண்டுதான் சொல்லுவா. கேளாமல் இல்லத்திலை விடலாமோ?

கேளாமல் விடக்கூடாது. எங்கே, ஆரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்று சொல்லும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஞாபகம் கொஞ்சம் குறைந்தவருக்கும் விருப்பம் இருக்கும். காலையில், களைப்பில்லாத நேரத்தில், சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். மாட்டேன் என்பதும் ஒரு பதில்தான்; ஏன் என்று கேட்டால் அதற்குள் வேறு ஏதாவது இருக்கும்.

பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு, இல்லத்தில் இடம் எடுத்து, காசும் கட்டிய பின்னர்தான் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். நான் போய் இருந்து பேசியபோது அவரிடம் இரண்டு கேள்விகள்தாம் இருந்தன: கட்டில் கதவுப் பக்கமா உள்ளுக்கா, கோழிகளை ஆரிடம் விடுவது. முதற் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கதவிலிருந்து மலசலகூடம் எத்தனை எட்டு என்று ஊன்றுகோலோடு நடந்து எண்ணினார், பதினொன்று. மாரி முடியட்டும் என்றார். கோழிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எண்ணிக் கொடுத்து, தைப்பொங்கல் கழிந்த கிழமை, தன்னுடைய கொமட் நாற்காலியை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் தானும் ஏறிப் போனார்.